மாலை போட்டு அனுப்பிய பிறகு

1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலத்தின் கர்டர்கள் கடலுக்குள் போனதை நம் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம். முன்னின்று 46 நாளில் அதைச் சரிசெய்தவர் ஈ.ஸ்ரீதரன். அப்போது அவருக்கு 32 வயது. இளரத்தம் என்பார்கள். ஆனால் 1990இல் ரயில்வேயில் ஓய்வு பெற்ற பிறகுதான் கொங்கண் பாதையைப் போட்டார். அடுத்து டெல்லி மெட்ரோ. அங்கிருந்து 2011 கடைசியில் விடைபெறும்போது வயது 79.

சரி, அவர் பெரிய அதிகாரி, கூப்பிட ஆள் இருந்தது. என்னைப் போன்ற சின்னப் பொறியாளரை யார் கூப்பிடுகிறார்கள்? எனக்கு 50 வயதில் பதவி உயர்வு வந்தது. கண்மாய்க் கரையிலிருந்து கொண்டுபோய் ஃபைல் மேஜையில் உட்கார வைத்தார்கள். அதற்குப் பெயர் உயர்வு! 58இல் மாலை, சால்வை. எந்த மடையில் கசிவு வரும், கரை எங்கே பலவீனம் என்பதெல்லாம் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

2021இல் ஓய்வு வயதை 60 ஆக்கினார்கள். நாற்காலியில் இரண்டு வருஷம் கூடியது, அவ்வளவுதான். நான் கேட்பது வேறு. ஐப்பசி மழைக்கு முன்னால், புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளோடு ஒரு நாள் எங்களைக் கரையில் நடக்கவிடுங்கள். சம்பளம் வேண்டாம். ஜீப் மட்டும் அனுப்புங்கள், முழங்கால் வலி.