கடையிலே விற்கும் கணக்கு

கட்டடம் ஒன்று வீழ்ந்தால், தூசி அடங்குமுன்பே காரணங்கள் கிளம்பிவிடும். மழை மிகுதி என்பர் சிலர். மண் சரிந்தது என்பர் சிலர். எல்லாம் விதி என்று கைவிரிப்பர் வேறு சிலர். 2014ஆம் ஆண்டு சூன் 28ஆம் நாள், சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டப்பட்டுவந்த பதினொரு மாடிக் கட்டடம் மாலை மழையிலே மண்ணோடு மண்ணாயிற்று. இடி விழுந்தது, அதனால் இடிந்தது என்று அப்போது விளக்கம் தரப்பட்டது. மாண்டவர்கள் 61 பேர். மாடியிலே குடியேறி மகிழ்ந்திருக்க வந்தவர்களா அவர்கள்? இல்லை, கல் சுமக்கவும் கலவை குழைக்கவும் வந்த ஏழைகள். ஆந்திரத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் அவர்களிலே பலர்.

வானத்து இடியா அவர்களைக் கொன்றது? கட்டடத்தின் வடிவமைப்பைப் பற்றியே பெருங்கேள்விகள் எழுந்தன. பக்கத்திலே வீழாது நின்ற இணைக் கட்டடத்தையும் நம்பமுடியாமல், 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். தாளிலே நேரும் பிழை தரையிலே பிணமாகிறது, தோழர்களே! ஆகவேதான், அந்தத் தாளிலே எழுதக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளைப் பற்றி இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களோடு பேச விரும்புகிறேன்.

கட்டடப் பொறியியல் பயிலும் மாணவர்கள், இறுதியாண்டிலே கூட்டாகச் சேர்ந்து ஒரு வடிவமைப்புத் திட்டம் செய்தளிக்க வேண்டும். ‘புராஜெக்ட்’ என்பது அவர்கள் பேச்சிலே அதற்குப் பெயர். நான்கு வகுப்பறைகள் கொண்ட பள்ளிக்கூடம் ஒன்றைத் திட்டமிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இடத்தை அளக்கவேண்டும். மண்ணைத் தோண்டி எடுத்துச் சோதிக்கவேண்டும். கரிசல் மண்ணாயின் மழையிலே உப்பும், கோடையிலே வெடிக்கும், அதற்கேற்ற அடித்தளம் வேண்டும். கூரையின் சுமை உத்தரத்துக்கு, உத்தரத்தின் சுமை தூணுக்கு, தூணின் சுமை மண்ணுக்கு என்று படிப்படியாக இறங்கும் பாரத்தைக் கணக்கிடவேண்டும். காற்றும் நிலநடுக்கமும் தரும் விசையைச் சேர்க்கவேண்டும். எந்தத் தூணுக்கு எத்தனை கம்பி, எவ்வளவு பருமன் என்று வரையவேண்டும். பிறகு செலவுக் கணக்கு. நான்காண்டுகளாகத் தனித்தனியே பயின்ற பாடங்களெல்லாம் ஒன்றுகூடி, ‘உன்னை நம்பி ஒரு குழந்தையை இந்தக் கூரையின்கீழ் உட்கார வைக்கலாமா?’ என்று மாணவனைக் கேட்கும் இடம் அது.

ஆனால் நடப்பதென்ன? கல்லூரிகள் நிறைந்த நகரங்களிலே சுற்றிப் பாருங்கள். ‘இறுதியாண்டுத் திட்டங்கள் செய்து தரப்படும்’ என்ற பலகைகள் தொங்குகின்றன. பணம் கொடுத்தால் வரைபடம் கிடைக்கும், கணக்கு கிடைக்கும், அட்டை கட்டிய அறிக்கையும் கிடைக்கும். ஊர்ப்பெயரை மாற்றிவிட்டால் போன ஆண்டின் பள்ளிக்கூடம் இந்த ஆண்டின் மருத்துவமனையாகிவிடும்! மண்ணைத் தொடாமலே மண்ணின் வலிமை எழுதப்படுகிறது. கணிப்பொறியின் செயலி தந்த எண்ணை, அது ஏன் வந்தது என்று கேளாமலே ஏட்டிலே ஏற்றுகிறார்கள். எல்லோரும் இப்படியல்லர், இரவெல்லாம் விழித்து உழைக்கும் மாணவரும், உடன் நின்று திருத்தும் ஆசிரியரும் உண்டு. எனினும் கடைகள் நடக்கின்றன என்றால், வாங்குவோர் இருக்கின்றனர் என்றுதானே பொருள்?

மாணவனை மட்டும் பழித்துவிட்டு நகர்ந்துவிட என் மனம் ஒப்பவில்லை. மண் சோதனைக்குப் பணம் வேண்டும். ஊருக்குப் போய்வரச் செலவு வேண்டும். ஏரியின் பழைய பதிவேட்டைக் கேட்டால், ‘நீ யார், எதற்கு?’ என்று அலுவலகம் விரட்டுகிறது. ஆய்வுக்கூடத்தைப் பூட்டி வைத்திருக்கும் கல்லூரியும் உண்டு. தகப்பன் சித்தாளாக உழைத்து அனுப்பும் பணத்திலே படிக்கும் பிள்ளை, கடைசியில் கடைக்காரனிடமே அதைக் கொட்டுகிறான். பிள்ளையின் அறியாமையை முதலாக்கி எவனோ பொருள் சேர்க்கிறான்!

அந்த இருக்கையின் வரலாறு நமக்குத் தெரியாததா? கிண்டிக் கல்லூரியின் வேர் 1794ஆம் ஆண்டு தொடங்கிய நில அளவைப் பள்ளியிலே இருக்கிறது. அத்தனை பழமை வாய்ந்த கல்விக்குள் நம்மவர் நுழைய எத்தனை காலமாயிற்று! பதினான்கு இடங்களில் இன்னாருக்கு இத்தனை என்று பகிர்ந்தளித்த வகுப்புரிமை ஆணையை, 1950இல் உயர்நீதிமன்றமும் 1951இல் உச்சநீதிமன்றமும் செல்லாதென்றன. அந்த வழக்கிலே வந்த மனுக்களில் ஒன்று பொறியியல் கல்லூரி இடத்துக்கானது. தந்தை பெரியார் குரல் கொடுத்தார், தமிழகம் கொந்தளித்தது, 1951லேயே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. பின்னர் நுழைவுத்தேர்வு ஒழிந்தது. 2010இல் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை வந்தது. 2021இல் அரசுப்பள்ளி மாணவர்க்குப் பொறியியலிலும் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு வந்தது. இவ்வளவும் எதற்காக? கடையிலே வாங்கிய கணக்கைக் கையிலே ஏந்தி நம் பிள்ளை வெளியே வருவதற்கா? ‘இவர்களுக்கு இடம் கொடுத்தால் தகுதி கெடும்’ என்று அன்று ஏளனம் பேசிய வாய்களுக்கு, நாமே அவலை அள்ளிக் கொடுப்பதா?

இறுதியாண்டு மாணவரின் ஏட்டுக்கு என்ன ஆற்றல் இருக்கப்போகிறது என்று எண்ணாதீர்கள். நியூயார்க் நகரிலே 1977இல் 59 மாடி வங்கிக் கட்டடமொன்று எழுந்தது. மூலையிலே ஒரு தேவாலயத்துக்கு இடம் விடவேண்டியிருந்தமையால், தூண்களை மூலைகளில் நிறுத்தாமல் பக்கங்களின் நடுவிலே நிறுத்தியிருந்தார்கள். மறு ஆண்டு, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் இறுதியாண்டு மாணவி டயான் ஹார்ட்லி அதைத் தம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். காற்று நேராக மோதினால் என்ன, மூலைவாட்டில் மோதினால் என்ன என்று கணக்கிட்டார். மூலைவாட்டில் விசை மிகுவதைக் கண்டார். கட்டடத்தை வடிவமைத்தோரிடம் கேட்டார். அச்சமில்லை என்றே விடை வந்தது. ஆனால் அதே ஆண்டு, தலைமை வடிவமைப்பாளர் லெமெசூரியர் தம் கணக்கைத் தாமே திரும்ப ஆராய்ந்தார். பற்றவைக்க வேண்டிய இணைப்புகள் திருகாணிகளால் பூட்டப்பட்டிருந்ததையும் அறிந்திருந்தார். கடும்புயலுக்குக் கட்டடம் தாங்காது என்று முடிவுக்கு வந்தார். இரவோடிரவாக 200க்கு மேற்பட்ட இணைப்புகளில் எஃகுத் தகடுகள் பற்றவைக்கப்பட்டன. ஊருக்கு இந்தச் செய்தி தெரிந்தது 1995இல்தான். அவரைத் தூண்டியது இந்த மாணவியின் கேள்வியா, வேறொரு மாணவரின் கேள்வியா என்ற வாதம் உண்டு. யாருடையதாயினும் என்ன? மாணவரின் கேள்வி!

அந்தக் கேள்வியைக் கடையிலே விலைக்கு வாங்க இயலுமா?

ஆகவே நாம் கேட்பது இதுதான். ஊராட்சிதோறும் உண்மையான தேவைகள் காத்துக்கிடக்கின்றன. உடைந்த கலங்கல், ஒழுகும் பள்ளிக்கூடம், ஓடையைக் கடக்கப் பாலமில்லாத சேரி. இவற்றின் பட்டியல் அருகிலுள்ள கல்லூரிக்குப் போகட்டும். மாணவர் வந்து அளக்கட்டும். எத்தனை பரப்பிலிருந்து எவ்வளவு வெள்ளம் வரும், கலங்கல் எவ்வளவு நீளமாயிருந்தால் கரை தப்பும் என்று கணக்கிடட்டும். மண் சோதனைச் செலவையும் பயணச் செலவையும் அரசு ஏற்கட்டும். மாணவர் வரைந்ததை அப்படியே கட்டச் சொல்லவில்லை; ஆசிரியரும் துறைப் பொறியாளரும் சரிபார்த்துக் கையொப்பமிட்ட பின்னரே கல் எழவேண்டும். ஒன்று மட்டும் கட்டாயமாகட்டும்: தேர்வாளர் முன்னே மட்டுமின்றி, அந்த ஊரார் முன்னேயும் நின்று மாணவன் தன் கணக்கைத் தமிழிலே விளக்கவேண்டும். ‘தண்ணீர் இந்தப் பக்கந்தான் வரும், தம்பி’ என்று ஒரு கிழவர் சொல்வாரே, அதைவிடச் சிறந்த தேர்வு எது?

இதிலே உங்கள் பங்கும் உண்டு, தோழர்களே! ஊராட்சியில் பொறுப்பு வகிப்போர் பதிவேடுகளைத் திறந்து காட்டுங்கள். கிளைக் கழகத்தார் மாணவர்க்கு ஒருவேளைச் சோறும் தங்க ஓர் இடமும் கொடுங்கள். அளவுச் சங்கிலியின் ஒரு முனையை மாணவன் பிடிக்கும்போது, மறுமுனையைப் பிடிக்க உங்களிலே ஒருவர் கை நீளட்டும். கல்லூரிக் கதவைத் திறக்க நம் முன்னோர் போராடினார்கள். உள்ளே சென்ற பிள்ளை உண்மையைக் கற்று வெளியே வருவதைக் காண்பது நம் கடமை. மௌலிவாக்கத்தில் மாண்ட 61 பேருக்கு நாம் எழுப்பக்கூடிய நினைவுச்சின்னம், பிழையற்ற கணக்கின்மேல் நிற்கும் ஒவ்வொரு தூணுந்தான்!