விதியென்று வீழ்வதா, வெல்வோமென்று எழுவதா?

"நம்மால் என்ன ஆகும்?" வடசேரிச் சந்தையிலே, வயல் வரப்பிலே, வலை காயும் கடற்கரையிலே இந்தக் கேள்வி காதில் விழாத நாளில்லை. கேள்விபோல் தோன்றும், கேள்வியன்று. முயற்சிக்கு முன்பே எழுதிக்கொண்ட தோல்விச் சீட்டு!

எதிர்க்கோடியிலே இன்னொரு கூட்டம். "எல்லாம் தானாகச் சரியாகும்" என்று சிரித்தபடி பாய் விரித்துப் படுக்கிறது. முன்னதை அவநம்பிக்கை என்கிறோம். பின்னதை நம்பிக்கை என்கிறோம். உண்மையில் இரண்டும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள். இரண்டுமே கையைக் கட்டிக்கொண்டு அல்லவா நிற்கின்றன?

உளநூலார் கண்டதைக் கேளுங்கள். 1967-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலே மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் என்ற இருவர் நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துச் சோதித்தனர். ஒரு பிரிவு நாய்கள் தலையால் பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நின்றது. மற்றொரு பிரிவு என்ன செய்தும் பயனில்லை. பிறகு, எளிதில் தாண்டக்கூடிய தடுப்புள்ள பெட்டியிலே அவற்றை விட்டனர். முதற்பிரிவு தாண்டித் தப்பியது. இரண்டாம் பிரிவிலோ பெரும்பாலானவை படுத்தபடியே அடியை ஏற்றன. தாண்டக் கால் இல்லையா? இருந்தது. தாண்டினால் பயனுண்டு என்ற எண்ணம்தான் செத்துவிட்டது! வாயில்லா உயிருக்கு இழைத்த கொடுமைதான். மனிதனுக்கு அது சொன்ன பாடமோ பெரிது.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 2016-ல், அவ்விருவரே தம் கருத்தைத் திருத்தினர். நீண்ட துன்பத்திலே துவண்டு கிடப்பது மூளையின் இயல்பு; "என் செயலுக்குப் பலன் உண்டு" என்பதே கற்றறிய வேண்டிய பாடம் என்றனர். ஆகவே நம்பிக்கை பிறவிக் குணமன்று. செய்து பழகும் தொழில்!

ஆய்வுக்கூடம் காணாமலே இதை அறிந்த மண் நம் நாஞ்சில் மண். திருவிதாங்கூர் மன்னராட்சியிலே, நாடார் முதலிய சமூகப் பெண்கள் மேல்சீலை அணிவது குற்றம். "வழக்கம் அது, தலையெழுத்து அது" என்றனர் மேலோர். அந்த நாளிலே நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார், ஏழைச் சிறுமியருக்கு ரேந்தை எனப்படும் லேஸ் பின்னலைக் கற்பித்தார். ஊசி பிடித்த விரலுக்குக் கூலி வந்தது. உழைத்தால் பலன் உண்டு என்பதைக் கண்ணால் கண்டனர்.

1822-ல் கல்குளம் வட்டாரத்திலே மோதல் மூண்டது. 1829-ல் மேல்சீலைக்குத் தடை விதித்து அரசாணை பிறந்தது. ஓய்ந்தார்களா நம் தாய்மார்? இல்லை! 1858-ல் மீண்டும் கலவரம். 1859 ஜூலை 26-ல் உரிமை அறிவிப்பு வந்தது. அதிலும் ஒரு முள்: உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் பாணியிலே உடுத்தக் கூடாதாம்!

"முப்பத்தேழு ஆண்டுப் போராட்டத்துக்கு அரை உரிமைதானா?" என்று சோர்ந்திருக்கலாம். "வென்றுவிட்டோம்" என்று உறங்கியிருக்கலாம். கிடைத்ததைப் படியாக்கி ஏறினர் மக்கள். அந்த நிபந்தனை இன்று எங்கே?

எச்சரிக்கையை அவநம்பிக்கை என்று இகழவும் கூடாது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் குமரிக் கடலைக் குலைத்தபோது, முன்பே ஆழ்கடல் சென்றிருந்த மீனவர் பலருக்கு அபாயச் செய்தி எட்டவில்லை. "புயல் வராது" என்பதா நம்பிக்கை? "வரக்கூடும், ஆகவே கருவி கொடு, காலத்தில் செய்தி கொடு" என்று உரிமையோடு கேட்பதே நம்பிக்கை!

ஆள்வோர்க்கும் ஒரு சொல், எக்கட்சி ஆண்டாலும். மனுக் கொடுத்தவனுக்கு மறுமொழி இல்லை, மறுபடி வந்தவனுக்கு மதிப்பில்லை என்றால், அழுத்தியும் பயனற்ற பலகையாகிவிடும் அரசு. மக்களை முடக்க அடக்குமுறை வேண்டாம், அலட்சியமே போதும்.

நாமோ சிறியதில் தொடங்குவோம். ஒரு தெருவிளக்கு, ஒரு வாய்க்கால் மடை, ஒரு பேருந்து. கூடிக் கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம். சிறியதைக் கேட்டுப் பெற்றவன், நாளை பெரியதைக் கேட்கத் தயங்கமாட்டான்.