கத்தியை எடுக்கும் முன் படம் முழுமையாகட்டும்

பச்சிளம் குழந்தையின் எக்கோ அறிக்கையில் ‘இதயத்தில் கட்டி’ என்று ஒரு வரி வந்துவிட்டால் போதும், பெற்றோரின் மனம் புற்றுநோய்க்கும் அறுவை சிகிச்சைக்கும் தாவிவிடும். குழந்தைகளுக்கு இதயத்தில் கட்டி வருவதே அபூர்வம். வந்தாலும் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. அதிகம் காணப்படும் ரேப்டோமயோமா, குழந்தை வளர வளரத் தானாகவே சுருங்குவது வழக்கம். அடுத்த இடத்திலுள்ள ஃபைப்ரோமா சாதாரண கட்டிதான் என்றாலும் அப்படிக் கரைவதில்லை. இதயத் துடிப்பை உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குக் குலைத்துவிடக்கூடும். முன்னதற்குக் காத்திருப்பதே வைத்தியம், பின்னதற்குக் காத்திருப்பதே வினையாகலாம். எந்தக் கட்டி என்று அறியச் சதை எடுத்துப் பார்க்கலாமே என்றால், துடித்துக்கொண்டிருக்கும் பிஞ்சு இதயத்தில் அது லேசான காரியமல்ல. எனவே, படத்தைக் கொண்டே கட்டியை இனம்காணும் திறமையை வளர்ப்பதுதான் நம் மருத்துவமனைகளின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

கட்டிகள் எத்தனை, எந்த அறையில் இருக்கின்றன, ரத்த ஓட்டத்தை மறிக்கின்றனவா என்பதை எக்கோ காட்டிவிடும். கட்டியின் இயல்பை அறிய எம்.ஆர்.ஐ. உதவும். கடோலினியம் மருந்தை நரம்பில் ஏற்றி, சுமார் 10 நிமிடம் கழித்து எடுக்கும் படத்தில் ஃபைப்ரோமா வெளேரென்று தெரியும்; உறைந்த ரத்தக் கட்டி மருந்தை ஏற்காமல் கருத்தே நிற்கும். 2011இல் வெளியான ஓர் ஆய்வுக்கு 4 நாடுகளின் 15 மையங்கள் 78 நோயாளிகளின் படங்களை அனுப்பின. திசுப் பரிசோதனை முடிவை அறியாமலேயே நிபுணர்கள் 97 சதவீதம் பேருக்குச் சரியாகக் கணித்தார்கள். ஆனால் 42 சதவீதம் பேருக்கு ‘இதுவாகவும் இருக்கலாம்’ என்று வேறு சாத்தியங்களையும் சேர்த்தே எழுதினார்கள். இதைக் காட்டிப் படத்தை நம்பலாகாது என்பவர்கள், அதே ஆய்வின் இன்னொரு முடிவையும் படிக்க வேண்டும்: படம் தெளிவாகவும் பரிசோதனை முழுமையாகவும் இருந்த இடங்களில் கணிப்பு மேலும் துல்லியமாக இருந்தது. அப்படியானால் குறை கருவியில் மட்டும் இல்லை, அவசர அவசரமாகப் பாதியில் முடிக்கும் பழக்கத்திலும் இருக்கிறது.

சின்னக் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டுமே என்ற கவலை நியாயமானது. கைக்குழந்தை என்றால், பால் கொடுத்து, துணியில் சுற்றித் தூங்கவைத்தே பல நேரங்களில் படம் எடுத்துவிடலாம். அதைவிடப் பெரிய குழந்தைக்கு மயக்கம் தவிர்க்க முடியாததாக இருக்கலாம். அதனாலேயே முதல் தடவையே முழுதாக எடுத்துவிட வேண்டும் என்கிறேன். எல்லாக் குழந்தைக்கும் எம்.ஆர்.ஐ. வேண்டியதும் இல்லை. சிறு கட்டிகள் பலவாக இருந்து, தோலிலும் மூளையிலும் டியூபரஸ் ஸ்கிளீரோசிஸ் நோயின் அடையாளங்களும் தெரிந்தால், அவை பெரும்பாலும் ரேப்டோமயோமாதான் என்பதால் எக்கோவை வைத்தே கண்காணித்து வரலாம். படம் புற்றுநோயைச் சந்தேகிக்கச் சொன்னால் திசுப் பரிசோதனைக்குத் தயங்கக் கூடாது. எந்தக் குழந்தைக்கு அது தேவை என்று பிரித்துச் சொல்வதும் படத்தின் பயன்தானே!

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: பெரிய மருத்துவமனைக்குப் போகும்போது அறிக்கைத் தாளை மட்டும் கொண்டுபோகாதீர்கள், படங்கள் உள்ள சி.டி.யையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். குழந்தைகளின் இதயப் படங்களைப் பார்த்துப் பழகிய மருத்துவர் அதைப் பார்த்தாரா என்றும் கேளுங்கள்.