வாணவேடிக்கையும் சட்டசபையும்

வாணவேடிக்கையைக் கட்டுப்படுத்தல் அரசாங்கத்தின் கடமையே என்பதில் நமக்கு ஐயமில்லை. எவ்விதம், யாரைக் கேட்டு என்பதே கேள்வி. இவ்விஷயத்தில் ஸ்காத்லாந்துச் சட்டசபை 2022-ஆம் ஆண்டில் நடந்துகொண்ட முறை கவனிக்கத்தக்கது. பொதுஜனங்களுக்கு வெடி விற்கும் நாட்கள் வருஷத்தில் 37, கொளுத்தும் நாட்கள் 57 என்று வரையறுக்கவும், வாங்குவோர் அநுமதிச் சீட்டுப் பெறவும் அம்மசோதா ஏற்பாடு செய்தது. அந்நாட்களில் சீனரின் வருஷப் பிறப்பும் சீக்கியரின் வைசாகியும் தீபாவளியும் இடம்பெற்றமை போற்றற்குரியது. மசோதாவைப் பரிசீலித்த கமிட்டி பலதரத்தாரின் சாட்சியங்களைக் கேட்டது. கள்ளச்சந்தை பெருகாதா என்ற ஆட்சேபமும் அங்கே எழுந்தது. அதன் பின்னரே, ஜூன் மாதத்தில், சபை அதனை நிறைவேற்றியது.

நம் நாட்டிலோ, தீபாவளியன்று இரண்டு மணி நேரமே வெடிக்கலாம், சரவெடி கூடாது, பேரிய உப்பு கூடாது என்ற விதிகள் 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் கட்டளையாகவே வந்தன. டெல்லிச் சிசுக்கள் மூவரின் பெயரால் 2015-இல் தொடுத்த வழக்கு அது. நீதிபதிகளை நாம் குறைகூறோம்; சட்டசபைகள் முன்வராத இடத்தில் அவர்கள் பேசினர். ஆயினும், சிவகாசிப் பக்கத்தில் சரம் பின்னிப் பிழைத்த பெண்டிர் தம் வழக்கை எங்கே சென்று உரைப்பர்? முதலாளிக்கு டெல்லியில் வக்கீல் உண்டு, கூலியாளுக்கு இல்லை. சட்டசபைக் கமிட்டியொன்று சிவகாசிக்கே சென்று அமரலாம். வேற்றுத் தொழில் பழக எத்தனை காலம் வேண்டும், அதுவரை அடுப்பெரிய யார் பொறுப்பு என்பவற்றை அப்பெண்டிரின் வாய்மொழியாகவே கேட்டு எழுதிக்கொள்ளலாம்.