காசில்லாத மருந்து, கடற்கரை நடை!

பொழுது விடிவதற்குள் சென்னை மெரினாவில் கூட்டம் சேர்ந்து விடுகிறது. வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர்கள், புடவையும் கான்வாஸ் ஷூவுமாகத் தாய்மார்கள், கைகோத்து வரும் இளம் தம்பதிகள்... எல்லோரும் நடக்கிறார்கள். சிலரை டாக்டர் அனுப்பியிருக்கிறார். சிலரை மனைவி அனுப்பியிருக்கிறார்!

இந்த மருந்துக்குச் சீட்டு வேண்டாம். கட்டணமும் இல்லை. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமாவது சற்று வேகமாக நடக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் அரை மணி. வாரத்தில் 5 நாள். அவ்வளவுதான். இரத்தக் கொதிப்பு அடங்கும். சர்க்கரை கட்டுப்படும். இரவில் நல்ல தூக்கம் வரும்.

மணலில் நடப்பது இன்னும் விசேஷம். கால் புதைகிறது, இழுத்துத் தூக்கி வைக்க வேண்டியிருக்கிறது. அதனால் கெட்டித் தரையில் நடப்பதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு சக்தி செலவாகிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஈர மணலில் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சாலையோர நடைபாதையே நல்லது. சர்க்கரை வியாதிக்காரர்கள் வெறுங்காலுடன் நடக்கவே கூடாது. காலில் உணர்ச்சி குறைந்தவருக்குக் கிளிஞ்சல் கிழித்ததுகூடத் தெரியாது. சின்னக் கீறல் பெரிய புண்ணாகிவிடும்.

உடம்புக்கு மட்டுமா நன்மை? நாலு நாள் எதிர்ப்பட்டவர்கள் ஐந்தாம் நாள் சிரிக்கிறார்கள். பத்தாம் நாள், "நேற்று ஏன் வரவில்லை?" என்று கேட்கிறார்கள். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, வீட்டில் தனியாக இருக்கும் முதியவருக்கு அந்த ஒரு கேள்வியே பாதி மருந்து.

இங்கே உலாவுவதற்குச் சாலை போட்டு, 'மெரினா' என்று பெயரும் வைத்தவர் 1880-களில் கவர்னராக இருந்த கிராண்ட் டப். அந்தக் காலத்தில் இவ்வளவு மணல் கிடையாது. கடல் சாலைக்கு வெகு அருகில் இருந்தது.

பிறகு மணல் எப்படி வந்தது? சென்னைத் துறைமுகத்துக்கு 1875-ல் அடிக்கல் நாட்டினார்கள். கடலுக்குள் சுவர்கள் நீண்டன. இந்தக் கரையில் ஆண்டில் பெரும்பகுதி, அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். துறைமுகச் சுவர் அதைத் தடுத்துவிட்டது. தடுத்த மணல் தெற்கே தங்கியது. மெரினா அகன்றது.

வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடல் கரையைத் தின்றது. வீடுகளும் போயின. அலையைத் தடுக்கக் கருங்கல்லைக் கொட்டினார்கள். கடலுக்குள் குறுக்குச் சுவர்களும் கட்டினார்கள். சில இடங்களில் மணல் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. பல இடங்களில் கடலுக்கும் சாலைக்கும் நடுவே கல்தான்!

மெரினாவுக்குக் கவனிப்புக் குறைவில்லை. சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் அலையருகே போகட்டும் என்று 2022 நவம்பரில் அங்கே மரப்பாதை போட்டார்கள். மறு மாதமே மாண்டஸ் புயல் அதில் ஒரு பகுதியைப் பெயர்த்தெறிந்தது. சும்மா விடவில்லை, சரி செய்தார்கள். பாராட்ட வேண்டிய காரியம்.

அந்த அக்கறை வடக்கே எண்ணூர் வரை நீள வேண்டாமா? அங்கே கடலோரச் சாலையில் ஓடுவது கன்டெய்னர் லாரிகள். அதன் ஓரத்தில் வயதான தாயார் ஒருவர் எப்படி நடப்பார்? மீனவர்களும் தொழிலாளர்களும் நிறைந்த பகுதி அது. பணம் கட்டி உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போக எத்தனை பேரால் முடியும்? காசில்லாத மருந்து அவர்களுக்குத்தான் அதிகம் தேவை.

மீனவர்கள் படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் உள்ள இடத்தில் கைவைக்கக் கூடாது. அதை விட்டு, லாரி ஏற முடியாத உயரத்தில் ஒரு நடைபாதை, இரவில் எரியும் விளக்கு, உட்கார நாலு பெஞ்சு, பெண்களுக்குச் சுத்தமான கழிப்பிடம். மாநகராட்சி முதலில் இந்த நான்கையும் செய்து கொடுக்கட்டும்.