கொல்லைக் கதவு செய்த பாவம் என்ன?

கும்பகோணம் பக்கத்தில் ஒரு வீடு. வாசலில் தேக்குக் கதவு. பித்தளைக் குமிழ் என்ன, மஞ்சள் குங்குமம் என்ன, விசேஷ நாளில் மாவிலைத் தோரணம் என்ன! கொல்லைப் பக்கம் போனால், வீடு கட்டி மிஞ்சின மரத்தில் அடித்த ஒரு கதவு. அது தொங்கிப்போய் நாலு வருஷம் ஆகிறது.

அதைத் திறக்க அந்த வீட்டு அம்மா தனி வித்தையே கற்று வைத்திருக்கிறார். ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கி, காலால் அடியில் ஒரு எத்து. சாத்தும்போது அதே வித்தை தலைகீழாக. பாத்திரம் தேய்க்க, துணி காயப்போட, குப்பை கொட்ட என்று ஒரு நாளைக்கு இருபது தடவையாவது இது நடக்கும். ஐயா வாசல் வழியாகப் போய் வாசல் வழியாக வருகிறவர். அவரைப் பொறுத்தவரை வீட்டில் எல்லாக் கதவும் நன்றாகத்தான் இருக்கிறது.

போன ஐப்பசி மழையில் தாழ்ப்பாள் ஓட்டையில் விழாமல் போனது. உடனே வீடே பதறியது. கதவைத் தூக்கித் தூக்கிக் கை வலித்தபோது அது அம்மாவின் பிரச்சினை. திருடன் வருவான் என்றதும் அது குடும்பப் பிரச்சினை ஆகிவிட்டது!

ஆள் வந்தார். கதவை ஒரு தட்டுத் தட்டினார். "இது தேறாதுங்கய்யா, எடுத்துட்டு பிவிசி கதவு போட்டுடுங்க" என்றார். ஐயாவும் சரி என்று தலையாட்டினார். அம்மா மட்டும், "கீலைக் கொஞ்சம் பாருங்களேன் அண்ணே" என்றார். யார் காதிலும் விழவில்லை.

உண்மையில் பார்க்க வேண்டியது அந்தக் கீலைத்தான். கதவின் எடை மேல் கீலை வெளியே இழுக்கிறது. கீழ்க் கீலை உள்ளே தள்ளுகிறது. அதனால் முதலில் ஆட்டம் காண்பது பெரும்பாலும் மேல் கீலின் ஸ்குரூதான். நம் ஊரில் ஸ்குரூவைத் திருப்பி இறக்குகிறவர்கள் எத்தனை பேர்? சுத்தியலால் முக்கால்வாசி அடித்துவிட்டு, கடைசி இரண்டு சுற்றை மட்டும் திருப்புகிற கலை இங்கே ரொம்பப் பிரசித்தம். அப்படி அடித்த ஸ்குரூ மரத்தைக் கிழித்துக்கொண்டுதான் உள்ளே போகும். பிறகு என்னத்தைப் பிடிக்கும்?

கண்டுபிடிப்பதும் பெரிய விஷயம் இல்லை. கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, கைப்பிடிப் பக்கம் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். மூன்றில் ஒன்று தெரியும்.

1. மேல் கீல் ஆடினால் கோளாறு ஸ்குரூவில். ஓட்டையில் மரக்குச்சி செதுக்கிப் பசை தடவி அடைத்து, காய்ந்த பிறகு கொஞ்சம் நீளமான ஸ்குரூவைத் திருப்பினால் போதும்.

2. கீல் அசையாமல் கதவின் சட்டங்கள் சேரும் மூலை பிரிந்தால் கோளாறு மூட்டில். கழற்றி, பசை வைத்து இறுக்கி, மூலையில் இரும்புப் பட்டை அடிக்கலாம்.

3. நிலையே சுவரோடு சேராமல் ஆடினால் கோளாறு நிலைக்காலில். அடியில் ஈரமோ கரையானோ தின்றிருக்கும். கெட்டதை வெட்டிவிட்டுப் புது மரம் ஒட்ட வேண்டும்.

இந்த மூன்றாவதுதான் முக்கியம். உளுத்த நிலையில் புதுக் கதவை மாட்டினால் என்ன ஆகும்? புதுக் கதவும் தொங்கும். துவைக்கிற கல்லிலிருந்து தெறிக்கிற தண்ணீரும், சன்ஷேடு இல்லாத சுவரில் அடிக்கிற சாரலும் அப்படியேதான் இருக்கப் போகின்றன. கதவின் அடி விளிம்புக்குப் பெயிண்ட் அடிப்பதே கிடையாது. குனிந்து பார்த்தால்தானே தெரியும்! அங்கேதான் மரம் தண்ணீரை உறிஞ்சுகிறது. மழைக்காலத்தில் உப்பிய கதவை அவசரப்பட்டு இழைத்துத் தள்ளிவிட்டு, சித்திரையில் இடுக்கு வழியாகப் பல்லி வருகிறது என்று புலம்புவது இன்னொரு கூத்து.

பி.காம் படிக்கிறவர்களுக்கு இது புதுசு இல்லை. சரவணா ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கில் 2007-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: ரிங் ஃபிரேம் என்பது தனி இயந்திரம், பழையதை மொத்தமாக எடுத்துவிட்டுப் புதிது வைப்பது பழுதுபார்ப்பு ஆகாது. இருக்கிற சொத்தைக் காப்பாற்றினால்தான் அது பழுதுபார்ப்பு. வரி விஷயத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கிற வேறுபாடு, வீட்டுக்குள் வந்ததும் மறந்துபோகிறது. "ரிப்பேர் பண்ணியாச்சு" என்று சொல்லிக்கொண்டே கதவைத் தூக்கித் தெருவில் போடுகிறார்கள்.

"ரிப்பேர் கூலியே புதுக் கதவு விலையில் பாதி வருகிறதே" என்பார்கள். வரட்டும். புதுக் கதவுக்குக் கதவு விலையோடு கணக்கு முடிகிறதா? கீல், தாழ்ப்பாள், மாட்டுகிற கூலி எல்லாம் தனி. எத்தனை வருஷம் உழைக்கும் என்று வகுத்துப் பார்த்த பிறகு பேசலாம். பலகை பொத்துப்போய், விரல் வைத்தால் உள்ளே போகிறது என்றால் மாற்ற வேண்டியதுதான். அதில் சண்டை இல்லை. ஆனால் நிலையையும் தண்ணீரையும் சரி செய்த பிறகுதான் புதுக் கதவு.

இதில் ஒரு மனசு விஷயமும் இருக்கிறது. புதுக் கதவு வாங்கினால் வருகிறவர் போகிறவரிடம் காட்டலாம். கீலை இறுக்கினால் காட்ட ஒன்றும் இருக்காது. அது தெரியப்போவது ஒரே ஒருவருக்கு, காலையில் முதல் ஆளாக எழுந்து அதைத் திறக்கிறவருக்கு. அவரிடம் கேட்காமல் கதவைப் பற்றி முடிவெடுக்கிற வீட்டில், நாலு வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்தது கதவு மட்டும்தானா?

பி.கு: அந்த வீட்டில் பிவிசி கதவு மாட்டியாகிவிட்டது, அதே நிலையில். இப்போதே அடியில் லேசாக உரசுகிறதாம். அம்மா மறுபடியும் தூக்கிச் சாத்த ஆரம்பித்துவிட்டார்.