மிஞ்சிய பாண்

எங்கள் சந்தியில் பேக்கரியும் தேத்தண்ணிக் கடையும் ஒரே ஆளுடையதுதான். நடுவில் ஒரு சுவர், அதில் சின்ன யன்னல். பேக்கரியில் உழைத்த காசில்தான் அண்ணை கடையையும் திறந்தார் என்று கனகாலமாக நினைத்திருந்தேன். கேட்டால் சிரிக்கிறார். "மிஞ்சின பாணை என்ன செய்யிறது தம்பி? அதுக்குத்தான் கடை."

விற்காத பாண் துண்டு துண்டாகி, ஆறுகிற போறணையில் காய்ந்து, இடிபட்டுத் தூளாகி அந்த யன்னலால் போகிறது. றோல்ஸிலும் கட்லட்டிலும் மொறுமொறுவென்று ஒட்டியிருப்பது அதுதான். பின்னேரம் நாலு மணிக்கு நான் ரசித்துக் கடிப்பது அண்ணையின் கணக்குப் பிழையை.

பொழுது பட்டதும் மா குழைக்கத் தொடங்குவார்கள். நடுச்சாமத்தில் போறணைக்குள் விறகு எரியும். தணலை வழித்தெடுத்து, ஈரச்சாக்குச் சுற்றிய தடியால் சாம்பலைத் துடைத்து, ஒரு பிடி மாவை உள்ளே வீசிப் பார்ப்பார் அண்ணை. உடனே கருகினால் சூடு கூட, பொறுக்கவேண்டும். மெல்லச் சிவந்தால் அச்சுகள் உள்ளே போகும். சுவரில் ஒரு மணிக்கூடும் ஒரு கலண்டரும் தொங்குகின்றன. இரண்டையும் அவர் நிமிர்ந்து பார்த்து நான் காணவில்லை.

2022இல் காஸ் இல்லாமல் எத்தனையோ பேக்கரிகள் பூட்டின. இவருக்கு விறகு இருந்தது. ஆனால் 13 மணி நேரம் மின்வெட்டு என்றபோது மா குழைக்கிற மெசின் படுத்துவிட்டது. கையால் குழைத்தார்கள். அந்தத் தோள்மூட்டு நோ இன்னும் அவரை விடவில்லை.

ஒரு றாத்தல் பாண் 450 கிராம் இருக்கவேண்டும் என்று 2024இல் வர்த்தமானி வந்தது. சனம் தராசோடு வராத குறை. போறணைச் சூட்டில் தண்ணீர் ஆவியாகிப் போகும். 450 வேண்டுமென்றால் 500க்குக் கிட்டக் குழைத்த மா வைக்கவேண்டும். இதை நின்று கேட்க யாருக்கு நேரம்?

நல்லூரில் கொடியேறினால் 25 நாளும் மச்ச றோல்ஸ் அசையாது, மரக்கறிதான். மற்றக் காலங்களில் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பதெல்லாம் அவர் தலைக்குள்ளேயே ஓடும்.

போன கிழமை போய் இரண்டு றோல்ஸ் கேட்டேன்.

"இல்லைத் தம்பி. மூண்டு நாளா ஒரு பாணும் மிஞ்சேல்லை" என்றார், நட்டப்பட்ட ஆள் மாதிரி.